செஃபாகோர் பிணையாக உட்கார்ந்த நாள்

வெளியூர்க்காரர் யாராவது "சகோதரி" என்று கூப்பிட்டால், செஃபாகோரின் கை தானாகக் காசு வைத்த இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்க்கும். ஊர்ப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

நைஜீரியாவின் லாகோஸில் பிழைக்கப் போயிருந்தபோது அவளை அப்படிக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் பிள்ளைக்குப் பால் போதாதபோது செஃபாகோர் தன் பாலைக் கொடுத்தாள். எண்பத்து மூன்றில், அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டார் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று வானொலி சொன்ன மறுநாள், செஃபாகோரின் கணவன் அக்பெகோவின் தையல் மெஷினைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கி உள்ளே வைத்தாள் அந்தச் சகோதரி. புறப்படும் அன்று கேட்கப் போனபோது கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. ஊர் திரும்பும் வழியில் பெனின் எல்லையில் வெயிலில் கிடந்தபோது பிடித்த இருமல், ஊர் வந்தும் அக்பெகோவை விடவில்லை. அதிலேயே போய்ச் சேர்ந்தான்.

கானாவின் கிழக்கு ஓரத்தில், டோகோவை ஒட்டிய ஊர் அவளுடையது. மரவள்ளிக் காட்டு ஒற்றையடிப் பாதையில் பாதி வழியில் நாடு மாறும், பேச்சு மாறாது. ஆண்டுதோறும் மே மாதம் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, ஆப்பிரிக்கா ஒன்றே என்று யாராவது பேசிவிட்டுப் போவார்கள். செஃபாகோர் நிழலுக்காகப் போய் உட்கார்வாள். "நல்லா பேசினாரு. அவர் காரு நம்ம எல்லைச் சாவடிய இன்னும் தாண்டல, பாரு" என்பாள்.

மொரொன்கே வந்தது ஒரு மழைக்கால முடிவில். லாகோஸ்காரி, கட்டையான உருவம், கையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர். டோகோ தலைநகர் லோமேயில் இருந்த ஏதோ சங்கம் அனுப்பியிருந்தது. பந்தல் கேட்கவில்லை. எல்லையின் இரு பக்கத்து ஊர்ப் பெண்களையும் மாமரத்தடியில் உட்கார வைத்து, அவர்கள் பேசும் எவே மொழியில் தட்டுத்தடுமாறி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கிழங்கு அந்தப் பக்கம் நல்லா விளையுது. ரோடு இந்தப் பக்கம் இருக்கு. அரைக்கிற மெஷின் ஒண்ணு, ரெண்டு ஊருக்கும் சொந்தம். இங்க அரைச்சு, அங்க வறுத்து, சேர்ந்து விப்போம்."

"மெஷின் ரிப்பேர் ஆனா எந்த நாட்டுல ரிப்பேர் ஆகும்?" என்றாள் செஃபாகோர். எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க ஊர்ல நான் இருந்திருக்கேன்மா. தொரத்தி விட்டப்ப ஒரு கதவு தொறக்கல."

மொரொன்கே ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் ஸ்கூல் போயிட்டிருந்தேன். எங்க தெருவுல பாதி வீடு காலியாச்சு. ஞாபகம் இருக்கு" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடிப்பு என்றிருப்பாள் செஃபாகோர். கேட்காததால் திமிர் என்றாள்.

மெஷின் வந்தது, கொட்டகையும் எழுந்தது. கிழங்கு உரிக்கும் சாக்கில் செஃபாகோர் தினமும் மொரொன்கேயின் அருகிலேயே உட்கார்ந்தாள். டீசல் டின்னில் குச்சி விட்டு ஆழம் பார்த்தாள். லாகோஸில் பேசிப் பழகிய யொரூபா மொழி தனக்குத் தெரியும் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மொரொன்கே போனில் பேசுவதை எல்லாம் தலை குனிந்தபடியே கேட்டாள். திருட்டுத்தனமாக ஒன்றும் சிக்கவில்லை. முதுகுவலி, மாமியார் தொல்லை, பிறகு ஒருநாள்: "இங்க ஒரு கிழவி என்னைத் திருடியப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறா." செஃபாகோர் கத்தியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

ஒரு காலை கொட்டகை காலியாகக் கிடந்தது. எஞ்சினும் இல்லை, மொரொன்கேயும் இல்லை.

"சொன்னேன் இல்ல?" என்றாள் செஃபாகோர். அப்படிச் சொல்வது அவளுக்கு இனிக்கவே செய்தது. பிறகுதான் உரித்துக் குவித்திருந்த கிழங்கைப் பார்த்தாள். ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மண்ணில் தள்ளுவண்டித் தடம் எல்லைப் பக்கம் போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

டோகோ சாவடியில் வண்டியும் எஞ்சினும் நின்றன. அதிகாரி பிரெஞ்சில் அதட்ட, மொரொன்கே இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்களுக்குத் தலைவியான டெலாலி ஓடி வந்து செஃபாகோரின் கையைப் பிடித்தாள்.

"விடியக்காலைல எஞ்சின் பிடிச்சுக்கிச்சு அக்கா. எங்க ஊரு மெக்கானிக்கிட்ட நான்தான் கொண்டாரச் சொன்னேன். சீட்டு இல்லாம எஞ்சின் எல்லை தாண்டக் கூடாதுங்கறாரு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா மத்தியானம் வரைக்கும் விசாரணை நடக்கும். கிழங்கு தாங்குமா?"

செஃபாகோர் சாவடிப் பக்கம் திரும்பினாள். மொரொன்கே தரையில் உட்கார்ந்து, தன் பையை மடியில் வைத்து இரு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று செஃபாகோருக்குத் தெரியும். பெனின் எல்லையில் அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி எவேயில் கேட்டார். "இந்த நைஜீரியாக்காரிய உனக்குத் தெரியுமா? நம்பலாமா?"

"நம்பிக்கையெல்லாம் தெரியாது சார். மெஷின் எங்களோடது. இது எங்க ஆளு."

"எங்கன்னா எந்த நாடு?"

"அரைச்சு முடிச்சிட்டு வந்து சொல்றேன். கிழங்கு கறுத்துப் போகுது."

அதிகாரி சிரிக்கவில்லை. எஞ்சின் திரும்பும்வரை பிணையாக ஆள் ஒருத்தி இங்கே இருந்தால் விடுவதாகச் சொன்னார். செஃபாகோர் மொரொன்கேயிடம் திரும்பி, யொரூபாவில், "எந்திரி. அந்தக் கிழவிதான் வந்திருக்கேன். போய் ரிப்பேர் பண்ணிட்டு வா" என்றாள். மொரொன்கேயின் வாய் திறந்தபடி நின்றது.

வண்டி மறைந்ததும் சந்தேகம் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. லோமே ரோடு அந்தப் பக்கம்தானே போகிறது? டெலாலியும் கூட்டாக இருந்தால்? ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்தாள். அதிகாரி தன் சோளக் களியில் பாதியை நீட்டினார். இதற்கு என்ன கேட்பாரோ என்று யோசித்துக்கொண்டே தின்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. கிழங்கில் பாதி வீணாகியிருந்தது, மீதியை அரைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் செஃபாகோர் எழுந்தாள். கொட்டகைக்கு இரண்டு பூட்டு வேண்டும், ஊருக்கு ஒரு சாவி, இரண்டு ஊராரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும் என்றாள். "எனக்கு உங்க யார் மேலயும் நம்பிக்கை இல்ல. உங்களுக்கும் என் மேல இருக்க வேணாம்." மொரொன்கேதான் முதலில் கை தூக்கினாள்.

மெஷின் நிற்காமல் ஓடியது. ஒருநாள் எல்லையோரத்து இன்னொரு ஊர்ப் பெண்கள், தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்தார்கள். செஃபாகோர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"நாங்க சொல்றத நம்பாதீங்க. நாளைக்கு ரெண்டு சாவியும் போட்டுக் கதவு தொறக்கறப்ப வந்து நீங்களே பாருங்க" என்றாள்.