த்ரீ டி கண்ணாடியில் என் மனைவி கண்ட மீன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லப்போனால் நடுவில் ஒரு டிவி வந்து நிற்கிறது. சபையில் சிரிப்பார்களே என்ற கூச்சம். நான் அதிகம் படித்தவனும் இல்லை.

த்ரீ டி டிவி கடைகளில் புதிதாக வந்திருந்த நேரம். மறைமலை நகர் கம்பெனியில் கிடைத்த போனஸோடு சேமிப்பையும் போட்டுத் தாம்பரத்தில் ஒன்று வாங்கினேன். கூடவே இரண்டு கண்ணாடி கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் படம் திரையை விட்டு வெளியே வரும் என்றார்கள். வந்தது. தலைவலியும் வந்தது. நெற்றியைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கும். என் மனைவியின் தம்பி பாதிப் படத்தில் குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"தலைவலி ஓசியிலயே வருமே மச்சான்! அதுக்குப் போய் போனஸைப் போட்டீங்களே!"

கடைக்காரரிடம் பேசினேன். சனிக்கிழமை கொண்டுவந்தால் சாதா டிவியாக மாற்றித் தருவதாகச் சொன்னார்.

என் மனைவி மட்டும் அந்தக் கண்ணாடியைத் தொடவே இல்லை. சின்ன வயதில் அவளுக்கு மாறுகண். ஆபரேஷன் செய்து நேராக்கிவிட்டார்கள். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்ததில்லை; எது கிட்டே, எது தள்ளி என்று தெரியாது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். கடைசிப் படியைக் காலால் தடவித்தான் இறங்குவாள். உலகம் காலண்டர் படம் மாதிரி தட்டையானது என்றே நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து டீ குடிக்கும்போது, "நாளைக்குப் போற டிவியாமே, ஒரு தடவை பாத்துடுவோம்" என்றார் எங்கள் சபை மூப்பரின் மனைவி. கடலுக்கடியில் எடுத்த படத்தைப் போட்டேன். பெண்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"நீயும் போடும்மா."

"என் கண்ணுக்கு ஒத்துவராதுக்கா."

அவர் கேட்கவில்லை, மாட்டிவிட்டார். இவள் மெல்லக் கையை நீட்டிக் காற்றைத் தொட்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது.

கூட்டத்தில் அழுதால் எங்களவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். "ஆவியானவர் இறங்குறார்! ஸ்தோத்திரம்!" என்று நான்கைந்து பேர் ஓடிவந்து அவள் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தனை கைகளுக்கும் உள்ளேயிருந்து இவள் குரல்: "அக்கா, கையை எடுங்க... மீன் மறைக்குது!"

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்னங்க, நீங்கள்லாம் எப்பவுமே இப்படித்தான் பாக்குறீங்களா?"

பிறந்ததிலிருந்து இரண்டு கண்ணும் சேர்ந்து எனக்கு வேலை செய்திருக்கின்றன. அதற்காக ஒரு நாளாவது ஸ்தோத்திரம் சொன்னேனா?

டிவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் சட்டென்று நின்றுவிட்டாள். கீழே மின்சாரக் கம்பிகள். "ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போகுதுங்க! நடுவுல இவ்ளோ இடமா இருக்கு!" பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விலகிப்போனார்கள். நான் அவளோடு நின்று, ஆண்டவர் கொடுத்த வெறும் இடத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

கண் டாக்டர், "சிலருக்கு இப்படி ஆகும், எல்லோருக்கும் ஆகாது" என்றார். அவளுக்கும் அந்தப் பார்வை வந்து வந்து போகிறது. அந்த டிவி காசுக்குத் தகுமா என்று கேட்டால், எனக்கு இன்னும் தலைவலிதான். யாரையும் வாங்கச் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் மட்டும் தகும்.

போன மாதம் படப்பையில் ஒரு கூட்டத்தில், தாம்பரத்தில் ஒரு குருடி பார்வையடைந்தாள் என்று சாட்சி சொன்னார்களாம். கேட்டு இவள் அழுதுவிட்டாள். "நான் எப்பங்க குருடியா இருந்தேன்?" அதனால்தான் எழுதிவிட்டேன். அன்பானவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அவள் குருடி இல்லை, டாக்டர் சொன்னதும் மேலே எழுதியபடிதான், மீனும் வெறும் மீன்தான். கர்த்தருக்கு நம் கைச்சரக்கு தேவையில்லை. இருக்கிறபடியே சொல்லுங்கள்.