உள்நோக்கித் திறக்கும் கதவு

நெடுஞ்சாலை ஓய்விடங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் என் வேலை. சாய்தளம் ஓர் அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், சக்கர நாற்காலிக் கழிப்பறையின் கதவு வெளிநோக்கித்தான் திறக்க வேண்டும் என்றெல்லாம் சிவப்பு மையில் எழுதி அனுப்புவேன். எழுதியதை யாராவது படித்தார்களா என்று தெரிந்துகொள்ள, ஓய்வு பெற்ற பிறகு ஓர் அடிதடி தேவைப்பட்டது.

தரங்கம்பாடியில் மைத்துனியின் பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்து, நானும் மனைவியும் காரில் தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு இடது கையும் காலும் பெயருக்குத்தான். பாதி வழியில், “அவசரங்க, எங்கயாவது நிறுத்துங்க” என்றாள். அறுவடை நடந்துகொண்டிருந்த வயல்களுக்கு நடுவே புது ஓய்விடம் ஒன்று வந்தது. ‘பசுமைக் கட்டடம்’ என்று பலகை. கூரையில் சூரியத் தகடுகள், மழைநீர்த் தொட்டி, காற்று புகும்படி துளையுள்ள சுடுமண் கட்டிகளால் எழுப்பிய சுவர். உண்மையாகவே அழகான கட்டடம். மூச்சு வாங்க மனைவியின் சக்கர நாற்காலியைச் சாய்தளத்தில் தள்ளி மேலே போனால், சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவில் பூட்டு தொங்கியது.

மேற்பார்வையாளர் வந்தார். முப்பது வயதிருக்கும்.

“மாற்றுத்திறனாளி சான்று இருந்தாக் காட்டுங்க சார், திறந்து விடுறேன்.”

“அப்படி ஒரு விதியே கிடையாது.”

“மேலிடத்துல சொல்லியிருக்காங்க.”

“எழுத்துல இருக்கா? காட்டுங்க.”

இந்த மாதிரிப் பேச்சில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. மாலை வரைகூடப் பேசியிருப்பேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விதிய அப்பறம் பேசுங்க. எனக்குத் தாங்காது.”

“மத்த கக்கூஸெல்லாம் படி ஏறிக் குந்தணும். இவங்களால முடியாது” என்றேன்.

“அப்ப வயக்காடு இருக்கே சார். அறுப்புக்கு வந்த ஆளுங்கல்லாம் அங்கதான போறாங்க.”

அறைந்தேன். என் வயதில் கை மெதுவாகத்தான் போகும். விலக அவருக்கு நேரம் இருந்தது. நான் அடிப்பேன் என்று நம்பாததால் விலகவில்லை. ஆனால் அவர் திருப்பிக் கொடுத்த குத்து வேகமாக வந்தது. உதடு கிழிந்து, நாற்காலியை இடித்துக்கொண்டு விழுந்தேன். நாற்காலி அவளோடு சாய்தளத்தில் உருண்டது. சரிவு நான் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் அது நேராக, நிறுத்தியிருந்த பைக்குகளை நோக்கி ஓடியது.

கீழே கருவாட்டுக் கூடைகளோடு ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கடற்கரைப் பெண்களில் பருமனான ஓர் அம்மாள் குறுக்கே பாய்ந்து, வயிற்றாலேயே நாற்காலியை நிறுத்தினார்.

“யாருடா அக்காவத் தள்ளுனது?”

“உன் வேலையப் பாரும்மா” என்றார் மேற்பார்வையாளர்.

“இதான்டா என் வேல.” கூடையிலிருந்த எடைக்கல்லை எடுத்து மேலே ஏறி வந்து அவர் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ஓய்விடத்து உணவகத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் கையில் கொதிக்கும் எண்ணெய் சொட்டும் கரண்டி. அது ஒரு பெண்ணின் முழங்கையைச் சுட்டது. அவள் அவன் காதைக் கடித்துத் தொங்கினாள். வண்டியோட்டி கொண்டுவந்த கம்பியால் பெண்கள் பூட்டைப் பெயர்த்தார்கள். கதவு அசையவில்லை. அது உள்நோக்கித் திறக்கும் கதவு. சுவர்த் துளை வழியே பார்த்தால், கூரை வரை அடுக்கிய தண்ணீர் பாட்டில் பெட்டிகள் சரிந்து அதை உள்ளிருந்து அடைத்திருந்தன.

“வெளிப்பக்கம் திறக்கணும்னு எழுதியிருந்தேனே!” என்று தரையில் கிடந்தபடி கத்தினேன்.

“எழுதிக் கிழிச்சீங்க. எந்திரிங்க ஐயா” என்றார் அந்த அம்மாள்.

எழுந்தேன். “சுவத்த இடிங்க. வெறும் சுடுமண்ணுதான்.”

காற்றோட்டமான அந்தச் சுவர் நாலே இடியில் விழுந்தது. பெட்டிகளை வெளியே வீசி, இரண்டு பெண்கள் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓட்டை வழியாக உள்ளே போனார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை ஓட்டைக்குக் குறுக்கே பிடித்தாள். வெளியே சண்டை நிற்கவில்லை. பாட்டில்கள் பறந்தன. ஒன்று என் நெற்றியில் பட்டு வெடித்தது.

“என்னங்க!” உள்ளிருந்து மனைவியின் குரல்.

“என்னம்மா?”

“இவ்வளவு சத்தத்துல எப்படிங்க வரும்? எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒரு முறை கத்தினார், கேட்டார்கள். ஓங்கிய கைகள் இறங்கின. காதைக் கடித்தவள் வாயை எடுத்தாள். மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“மூச்சு விட்ட, கொன்னுடுவேன்” என்றார் அந்த அம்மாள், மிகத் தாழ்ந்த குரலில்.

வயலில் அறுவடை இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் ஒழுகும் முகங்களோடு எல்லோரும் தலையைக் குனிந்து காத்து நின்றோம். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, விட்டுவிட்டு. யாரும் சிரிக்கவில்லை.

“ஆச்சுங்க” என்று அவள் குரல் வந்ததும், மேற்பார்வையாளர் அந்த அம்மாளின் கொண்டையைப் பிடித்தார்.