சென்னையைத் தேர்ந்தெடுத்தேன்

சட்டம் படித்து முடித்ததும் உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று சென்னையில், இன்னொன்று மதுரைக் கிளையில். மதுரை நீதிபதியிடம் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் மலையில் எங்கள் ஊரான மாரமங்கலத்தில் இருக்கும் காப்பித் தோட்டம் யாருக்குச் சொந்தம் என்ற மேல்முறையீடு சென்னையில்தான் பல வருடமாகக் கிடந்தது.

"நீ அங்க இருந்தா எனக்கு நொம்ப தைரியமா இருக்கும் கண்ணு" என்றார் அப்பா. சென்னைக்கே போனேன்.

ஐந்தாம் மாதம் அந்த வழக்கு என் நீதிபதியின் பட்டியலிலேயே வந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியென்றால் நான் விசாரிப்பது முறையில்லை" என்று வேறு நீதிபதிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். வழக்கு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

அப்பாவுக்குப் போன் செய்தேன். விசாரணைக்கு வருவதற்காக ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"வர வேண்டாமுங்கப்பா, தள்ளிப் போட்டுட்டாங்க."

"ஏங்கண்ணு?"

"ஜட்ஜுக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"பரவால்ல சாமி. நீ அங்க இருக்கறயே, அது போதும்" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

என் பணிக்காலம் முடிந்துவிட்டது. வழக்கு இன்னும் வரவில்லை. அப்பா இப்போதெல்லாம் தேதி கேட்பதில்லை. நான் அங்கே இருந்ததால்தான் தள்ளிப் போனது என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.