பத்திநாதரின் கார்க் கண்ணாடி

பனிக்காலம் வந்தால் மொன்றியலில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு எரிச்சல்; அருமைநாதனுக்குக் கை நிறைய வேலை. செயின்ட்-மிஷேலில் ஒரு ரயர்க் கடைக்குப் பின்னால், இரண்டு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜை வாடகைக்கு எடுத்து, கார்களை உள்ளும் புறமும் துப்புரவாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மன்னாரிலிருந்து வந்த புதிதில் டோர்வல் விமான நிலையத்தில் ஏழு வருடம் விமானங்களுக்குள் கூட்டித் துடைத்தவர். ஒருவர் எழும்பிப்போன இருக்கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பார்.

பனி உருகுவதற்காக வீதிக்குக் கொட்டுகிற உப்பு சப்பாத்தோடு காருக்குள் வந்து, கால் வைக்கும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வெந்நீரும் வினாகிரியும் தெளித்துத் தேய்த்து, ஈரம் முழுவதையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் கண்ணாடிகளில் உள்பக்கமாக நீராவி படிந்து புகார் கட்டிவிடும்.

2008 பெப்ரவரியில் ஒரு காலை, சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. வெளியே மைனஸ் பதினெட்டு. ஓட்டிவந்த முதியவரோ நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டிருந்தார். அவருடைய புருவத்தில் பனி ஒட்டியிருந்தது.

"ஹீற்றர் பழுதோ ஐயா?"

"இல்லைத் தம்பி, வேலை செய்யுது. நான் போடுறேல்லை." திறப்பை நீட்டினார். "பேர் பத்திநாதர். கார்ட்டியர்வில்லிலை இருக்கிறன். இதை விக்கப் போறன், வடிவாத் துடைச்சு விடும். பின்னேரம் வாறன்."

பக்கத்து இருக்கைப் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அருமைநாதன் கண்ணாடிகளை ஏற்றி, எல்லாவற்றையும் துடைத்து, கதவுகளைச் சாத்திவிட்டுத் தூசி உறிஞ்சும் வாக்குவத்தை எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது மூன்று கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. பக்கத்து இருக்கைக் கண்ணாடி மட்டும் வெளுத்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். விரலால் எழுதிய தமிழ் எழுத்துகள்: காணும் வாங்கோ. கடைசி எழுத்திலிருந்து ஒரு துளி நீர் கீழே வழிந்தது.

அவர் பதறவில்லை. விரலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் புகார் கட்டும்போதெல்லாம் எழுத்து எழும்பும். பிள்ளைகள் கீறிய பூனைகளையும் இதயங்களையும் எத்தனை கார்களில் அழித்திருக்கிறார். ஸ்பிரிற்றுத் துணியால் அழுத்தித் துடைத்தார். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தது. ஈரம் எங்கோ ஒளிந்திருக்கிறதென்று கார்ப்பெற்றைக் கிளப்பிப் பார்த்தார். அடியில் எல்லாம் காய்ந்து கிடந்தது. மூன்றாம் முறை துடைக்கும்போது, சாய்வதற்காக இருக்கையில் கையை ஊன்றினார். இருக்கை சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழும்பிப்போனது போல.

வெளியே வந்து கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு மனைவி றோசாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"கார்ட்டியர்வில் பத்திநாதரோ? சாம்பல் காரோ?" றோசாவின் குரல் இறங்கியது. "அது புஷ்பராணியக்கா செத்த கார் எல்லோ."

ஜனவரியில், பெரிய பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போவதற்காகப் பத்திநாதர் காரைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருந்தார். குளிருமென்று மனைவி புஷ்பராணியை உள்ளே இருத்தி எஞ்சினைப் போட்டுவிட்டார். பின்னால் புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தது இருவருக்கும் தெரியாது. புகை காருக்குள் திரும்பிவிட்டது. நித்திரையிலேயே போயிருப்பா, ஒன்றும் தெரிந்திருக்காது என்று டொக்டர்கள் சொன்னார்களாம்.

"அந்த ஒரு சொல்லிலைதான் மனுசன் உயிரோடை இருக்கிறார்," என்றாள் றோசா.

அருமைநாதன் திரும்பிப் போய் இன்னொரு முறை துடைத்தார். கிழவருக்குச் செய்யக்கூடிய நன்மை அது ஒன்றுதான் என்று பட்டது.

நாலு மணிக்குப் பத்திநாதர் வந்தார். காரைச் சுற்றி வரவில்லை, எவ்வளவென்று கேட்கவுமில்லை.

"தம்பி, கண்ணாடியிலை ஏதும் இருந்ததோ?"

இல்லையென்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. "இருந்தது ஐயா. துடைச்சுப்போட்டன்."

"அண்டைக்கு வெளியாலை நிண்டு கண்டனான். எழுத்து மறுபக்கம், வாசிக்கேலாமல் கிடந்தது. கதவைத் திறக்கக் குளிர் அடிச்சு மறைஞ்சுபோச்சு." அவர் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "திரும்ப வந்திடுமெண்ட பயத்திலைதான் கண்ணாடியை இறக்கிப்போட்டு ஓடுறன். தன்னைக் காப்பாத்தச் சொல்லி எழுதியிருப்பாவோ எண்டு..."

அருமைநாதன் பதில் சொல்வதற்குள் அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, அந்த இருக்கையிலேயே ஏறி இருந்து, கதவைச் சாத்திக்கொண்டார். தன் மூச்சு கண்ணாடியில் படாதபடி இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார். அந்தக் கண்ணாடியில் மட்டும், கீழிருந்து மெல்ல மெல்ல வெள்ளை ஏறியது. வெளியே நின்ற அருமைநாதனுக்கு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன.

பத்திநாதர் வெகுநேரம் வாசித்தார். இரண்டே சொல்தான்.

இறங்கியபோது அவருடைய கன்னமெல்லாம் ஈரம். "பனி அள்ளத் தொடங்கினா நான் நிப்பாட்ட மாட்டன் தம்பி. ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லுறவ. காணும் வாங்கோ, அள்ளினது போதும், குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகப் போகுது எண்டு." கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "பயந்து எழுதேல்லை. என்னைப் பாத்துத்தான் எழுதியிருக்கிறா."

காரை அவர் விற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரும் காலமாகும்வரை அது வீட்டு வாசலில் நின்றது. ஒவ்வொரு பனிக்காலமும் துடைப்பதற்குக் கொண்டுவருவார். பக்கத்து இருக்கைக் கண்ணாடியை அருமைநாதன் தொடுவதில்லை. அவரும் தொடச் சொன்னதில்லை.

எஞ்சின் ஓட, உள்ளே ஆள் இருக்க நிற்கும் கார் எதைக் கண்டாலும் இப்போது அருமைநாதன் பின்பக்கம் போய்ச் சப்பாத்தால் பனியை விலக்கிவிடுவார். சிலர் திட்டுவார்கள். போன மார்கழியில் ஓர் இளம்பெண் கண்ணாடியை இறக்கி, என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் சீறினாள். புகைக்குழாயைக் காட்டினார். பின்னிருக்கையில் தூங்கிய குழந்தையை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி, வெறுங்கையாலேயே பனியைத் தோண்டத் தொடங்கினாள்.