தாலிக்கொடியும் பன்னிரண்டு கிலோப் பையும்

காலை 6.30. கனடாவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, துவக்குப் பெட்டியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் மேலங்கி, செம்மஞ்சள் தொப்பி. இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் என்னை இந்தக் கோலத்தில் அவர் கண்டதில்லை.

என் கணவர் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவர். இந்த வருடம் முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூட்டாளிகள் தாங்கள் தூக்குவதாகச் சொல்லியும் இவர் மசியவில்லை. துவக்கை விற்கப்போவதாகச் சொன்னார். சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டுக் கோப்பையைப் பாதியில் தள்ளிவைத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. "ஒருநாள் நான் தூக்கிக்கொண்டு வாறன். சரிவராட்டி வித்துப்போடுங்கோ" என்றேன்.

முதல்நாள் இரவு நிறுத்துப் பார்த்தேன், அவர் கட்டி வைத்திருந்த பை பதினெட்டுக் கிலோ. ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள் நான். பாரம் தூக்குவதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பாரம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தோளில் தொங்காமல் இடுப்பில் இருக்க வேண்டும். காஸ் அடுப்பு, இரும்புக் கதிரை, தேவையில்லாத கத்திகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். தண்ணீரையும் கயிற்றையும் முதுகெலும்போடு ஒட்டி வைத்தேன். பிளாஸ்கைத் துவாயில் சுற்றினேன். மிக்சரைச் சரசரக்கும் பையிலிருந்து துணிப்பைக்கு மாற்றினேன். மானை இழுத்துவர, பாய்போலச் சுருட்டக்கூடிய பிளாஸ்ரிக் தகடு ஒன்று இருந்தது. "உது வேண்டாம், கிடைச்சாப் பாப்பம்" என்றார் இவர். அதையும் பைக்கு வெளியே கட்டினேன். பன்னிரண்டு கிலோ. குலுக்கிப் பார்த்தேன், மூச்சுக் காட்டவில்லை.

9.45. பாங்க்ரொஃப்ட் ஊரில் ஒரு கோப்பிக் கடை. வீட்டிலிருந்து சுமார் இருநூற்றிருபது கிலோமீற்றர். இரண்டு கோப்பியும் இரண்டு டோநட்டும் எட்டு டொலர். பக்கத்து மேசை வெள்ளைக்காரக் கிழவர் எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, உங்களில் யார் வேட்டைக்காரர் என்று கேட்டார். "இவர். நான் இவருடைய கழுதை" என்றேன். கிழவர் சிரித்தார். இவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே உறைத்தது.

10.30. அரச காட்டுக்குள் இரண்டு கிலோமீற்றர் நடை. இரவு பெய்த மழையில் இலைகள் நனைந்து கிடந்ததால் காலடி கேட்கவில்லை. ஏற்றத்தில் வியர்த்தது, மேலங்கியைத் திறந்து விட்டேன். கொஞ்சத் தூரத்தில் 'கிணிங்' என்றது. பிறகு அடிக்கு ஒரு 'கிணிங்'. இவர் நின்றார், திரும்பினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் நடந்தார். இரண்டாம் முறையும் அப்படித்தான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் தாலிக்கொடி வெளியே வந்து, பையின் நெஞ்சுப்பட்டி இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது. மான் ஓடினாலும் பரவாயில்லை, தாலியைக் கழற்றச் சொல்ல இந்த மனிசனுக்கு வாய் வராது. கைலேஞ்சித் துணியால் சுற்றிக் கட்டி, கம்பளிச் சட்டைக்குள் விட்டேன்.

அதன்பின் என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இவர் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

1.40. ஓடையோரம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் குந்தியிருந்து கால் விறைத்துப்போன நேரம், ஓடைக்கு அப்பால் கொம்புள்ள மான் ஒன்று வந்து நின்றது. இவர் துவக்கை உயர்த்தினார். பிறகு சுடாமல் என்னைப் பார்த்தார். விழுந்தால் இழுக்கப்போவது நான் என்று யோசிக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பைக்கு வெளியே கட்டியிருந்த தகட்டை விரலால் காட்டினேன். ஒரே வெடி, மான் விழுந்தது.

முழங்காலில் நின்று, குடலெடுக்கும் கத்தி வேலை முழுவதையும் அவரே செய்தார். தகட்டில் மானை வைத்து, கயிற்றை என் இடுப்புப் பட்டியில் மாட்டினேன்.

"கையை வீசிக்கொண்டு நடக்க வெக்கமாக் கிடக்கு" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

"முன்னால போய்க் கொப்புகளை விலத்துங்கோ. உதுவும் வேலைதான்."

"காலமை கழுதை எண்டு சொன்னீரெல்லே."

"பகிடிக்குச் சொன்னது. பிழைதான்."

ஒரு கொப்பை விலத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"இஞ்சருமப்பா, அந்தக் கைலேஞ்சியை அவிட்டுவிடும்."

"ஏன்?"

"வரேக்க உம்மடை சத்தமே இல்லை. விழுந்திட்டீரோ, எங்கையும் நிண்டிட்டீரோ எண்டு பயந்து பயந்து வந்தனான். இனி ஆருக்கு ஒளிக்கிறது?"

அவிழ்த்து வெளியே விட்டேன். கயிறு இடுப்பை இழுத்தது, நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். "துவக்கு விக்கிறதோ?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் பாப்பம்" என்றார். அடிக்கு ஒரு 'கிணிங்'. கார் தெரியும்வரை இவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.