இடது பட்டன்

சென்னையில் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஒன்றில் நான் காவலாளி. தினமும் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் போய் வருகிறேன். ஆரம்பத்தில் அங்கே ஓவியங்கள்தான் இருந்தன. பிறகு உடைந்த படகு வந்தது, லாரி டயர் வந்தது. மூடிப்போன தொழிற்சாலைச் சாமான்களும் கலைதான் என்று முடிவானது. பாதி ஆயுள் அந்தச் சாமான்களோடு மாரடித்தவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அப்படித்தான் ஒருநாள், தகடு வெட்டும் எங்கள் பவர் பிரஸ் மெஷின் டிரெய்லரில் வந்து இறங்கியது. சிப்காட்டில் எங்கள் கம்பெனி மூடியபோது அது காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். அதன் காலில் இருந்த வெல்டிங் ஒட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் தம்பியின் இடது கையில் நான்கு விரல்களை எடுத்த மெஷின் அது.

இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அதன் மேலச்சு தகட்டின்மேல் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் டார்கெட் முடிய வேண்டுமே! இடது பட்டன் அழுந்தியபடியே நிற்க அதில் மரச்சீவலைச் செருகிவிடுவோம்; ஒரு கை தகடு வைக்க, ஒரு கை அழுத்த. ஷிப்ட் முடிந்ததும் செருகியவனே எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு. அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். அடுத்த ஷிப்ட் தம்பி. சீவல் இருப்பது தெரியாமல், வலது கை பட்டன்மேல் இருக்க, கோணலாகக் கிடந்த தகட்டை இடது கையால் நகர்த்தியிருக்கிறான்.

"நீ எட்த்துட்டுதான போன?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டான்.

"எட்த்துட்டேன்டா" என்றேன்.

அவனே செருகிக்கொண்டான் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் மனைவி இன்றும் அவசரக் குடுக்கை என்று குத்திக்காட்டுகிறாள். தானே செருகியிருப்போமோ என்று அவனே தன்னை நம்பாமல் போனான். முதலில் எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். பிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பயம். கோழைப்பயல் நான்.

அருங்காட்சியகத்தில் எது வந்தாலும் கீறல், ஒடுக்கு விடாமல் எழுதி வைப்பார்கள். அந்த வேலை பார்க்கும் மேடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த இடது பட்டன் மட்டும் ஏன் ஓரம் தேஞ்சிருக்கு?" என்றார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டேன். "பேர் வேணாம் மேடம்" என்று மட்டும் கெஞ்சினேன். பெயர் போடவில்லை. முந்தைய ஷிப்ட் தொழிலாளி மரச்சீவலை எடுக்க மறந்ததால் இன்னொருவர் விரல்களை இழந்தார் என்று பக்கத்தில் பலகை வைத்தார்கள். வந்தவர்கள் படித்து உச்சுக்கொட்டினார்கள். தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போவேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பழைய கூட்டாளி யாரோ சொல்லி, ஒருநாள் அவனே வந்துவிட்டான். "இன்னாண்ணா, நம்ம மெஷின் இங்க கீதாமே?" என்று சிரித்தபடி உள்ளே போனான். தடுக்காமல் பின்னாலேயே போனேன். பலகையை இரண்டு முறை படித்தான்.

அடிப்பான் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

"ஊரே பட்ச்சிட்டு போவுது. எங்கிட்ட ஊட்ல சொல்லக்கூடாதாண்ணா?"

பிறகு செல்போனை என்னிடம் நீட்டினான். "இத்த ஒரு போட்டோ எடு. எம் பொண்டாட்டிக்குக் காட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தான்.

"எழுத்து ஆடிக்கினு கீது. இன்னொண்ணு எடு."