மார்த்தா அமைதியானவள் அல்ல

மார்த்தா மாரடைப்பில் செத்துப்போனாள் என்று ரோசா தொலைபேசியில் அழுதாள். ரோசாவும் நானும் ஒரே மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறோம். மறுநாள், மார்த்தா எழுதிவந்த ஸ்பானிய வாரப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. "அமைதியான பெண்மணி" என்று எழுதியிருப்பதாக ரோசா வாசித்துச் சொன்னாள். பச்சைப் பொய்! அவளை அறிந்த எல்லாருக்கும் அது தெரியும். எரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அவள் குவாத்தமாலாக்காரி. பெண்கள் தங்கள் காசைத் தாங்களே ஆள்வது எப்படி என்றுதான் வாராவாரம் எழுதினாள். சனிக்கிழமைகளில் மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் தன் மொழிப் பெண்களுக்கு வகுப்பும் வைத்தாள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு ரோசா என்னையும் அங்கே இழுத்துப்போனாள். நான் ஒருத்திதான் தமிழ். மார்த்தா எனக்காகப் பாதியைப் பிரெஞ்சில் சொன்னாள். தன் முதல் புருஷன் அறைந்து செவிடான காதைக் காட்டிச் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "அண்டைக்கு என்ரை கையிலை பஸ்ஸுக்குக் காசு இருந்திருந்தா, இந்தக் காது இண்டைக்குக் கேக்கும்."

"உன்ரை சம்பளம் எங்கை போகுது?" என்று என்னைக் கேட்டாள்.

"என்ரை மனிசன்ரை எக்கவுண்டுக்கு. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

மேசையில் ஓங்கி அடித்தாள். "எங்கடை ஆக்களும் அப்பிடித்தான்! அதுதானே கத்துறன்!" மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே என்னை வங்கிக்குக் கூட்டிப்போய் என் பெயரில் கணக்குத் திறக்க வைத்தாள். சம்பளத்தையும் அதற்கு மாற்றினேன்.

சம்பள நாளில் என் புருஷன் வங்கி இயந்திரத்தில் அட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறான். சனிக்கிழமை வகுப்புக்குள்ளேயே வந்து நின்றான். "எங்கையடி காசு?" என்று என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். யாழ்ப்பாணத்துக் கொடி லேசில் அறாது. கழுத்து வெட்டுப்பட, மூச்சில்லாமல் கதவுவரை இழுபட்டேன். மார்த்தா தான் உட்கார்ந்திருந்த இரும்புக் கதிரையைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்தது எல்லாருக்கும் கேட்டது. அவன் மற்றக் கையால் அவள் வாயில் குத்தினான். உடைந்த பல்லை இரத்தத்தோடு துப்பிவிட்டு அவள் திரும்பவும் கதிரையைத் தூக்கினாள். பொலிஸ் வரும்வரை ரோசாவும் மற்றப் பெண்களும் அவன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு எங்கள் ஆட்கள், நான் தங்கியிருந்த ரோசா வீட்டுக்கே என்னைத் தேடி வந்தார்கள். "தாலி கட்டினவனைப் பொலிசிலை குடுக்கிறதோ? கேசை விட்டிட்டு வீட்டை போ பிள்ளை," என்றார்கள். எனக்கும் மனம் ஆடியது. மார்த்தாவிடம் கேட்டேன். வீங்கிய வாயோடு சொன்னாள்: "போறதெண்டாப் போ. ஆனா முதல் உனக்கெண்டு ஒரு அறை எடுத்து வாடகையைக் கட்டிப்போட்டுப் போ. உயிரோடை திரும்பினா, வந்து படுக்க இடம் வேணுமெல்லே?"

உயிரோடை திரும்பினா! அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. கொடியை விற்று அறை எடுத்தேன். அவனிடம் போகவேயில்லை.

மார்த்தாவை அடக்கம் செய்த அன்று பின்னேரம், நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரிலிருந்து அவன் என் வாசலுக்கு வந்தான்.

"அந்த ஸ்பானிஷ்காரி செத்திட்டாளாமே. இனி உனக்கு ஆர் இருக்கினம்? என்னோடை வெளிக்கிடு."

"நான் இருக்கிறன். போடா!"

கதவை அடித்துச் சாத்தினேன். அவன் விரல்கள் இடுக்கில் நசுங்கின. வலியில் குழறினான். மார்த்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அவன் குழறியபோது என் கை நடுங்கவில்லை.